பதிப்பகங்களுக்கு ஒன்பது கடிதம் போட்டேன், ஒரு விலைப்பட்டியல் வந்தது

தறிமேடை:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊர் ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். ஒரு தறிக்கூடத்தில் முப்பத்தோரு வருசமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 53.

ஆறு வருசம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். பெயர் 'கட்டு துணி'. நாலு நீள நோட்டு, நம்பர் போட்டு 412 பக்கம். வீட்டில் அவளும் மகளும் படித்தாயிற்று. மகள் ரெண்டாவது நோட்டில் அழுதாள். அவள் சீரியலுக்கே அழுகிறவள், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூடத்தில் தார் சுற்றுகிற (தறி நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற) அக்கா ஒருத்தி முதல் நோட்டைக் கேட்டு வாங்கிப் போய், நாலாம் நாள் திருப்பிக் கொடுத்து, "அடுத்தது எங்க?" என்றாள். அதற்கப்புறம்தான் இதைப் புத்தகமாக்கிப் பார்க்கலாமே என்று துணிச்சல் வந்தது.

புத்தகம் போடுகிறவர்களிடம் இதற்கென்று ஒரு முறை இருக்குமே, முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று நினைத்தேன். நமக்குத் தெரிந்த முறை டெண்டர்தான். ஆஸ்பத்திரிக்குத் துணி கொடுக்கணும் என்றால் படிவம் வாங்கணும். என்ன அகலம், என்ன நூல், எத்தனை மீட்டர், எத்தனை நாளில், எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். அதைப் போல நினைத்துக்கொண்டு, வீட்டில் கிடக்கிற புத்தகங்களின் உள்பக்கத்தில் விலாசம் எடுத்து, ஒன்பது பதிப்பகத்துக்கு ஒரே கடிதத்தை எழுதி அனுப்பினேன். கார்த்திகைக் கடைசியில் அனுப்பியது. இப்போது மாசி பிறந்துவிட்டது. கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் ஒரு வளரும் எழுத்தாளன். எனது படைப்பினைத் தங்களின் மேன்மைமிகு பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட அவா கொண்டுள்ளேன். ஆகவே, தங்கள் பதிப்பகத்தின் விதிமுறைகள், நிபந்தனைகள் மற்றும் படிவங்கள் இருப்பின் அவற்றைக் கீழ்க்கண்ட முகவரிக்கு அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு கடிதம், அப்படி யாரும் அந்த விலாசத்தில் இல்லை என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்தது. ஒரு இடத்திலிருந்து விலைப்பட்டியல் வந்தது, 64 பக்கம், ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் தபால் செலவு அவர்களுடையதாம். ஒரு இடத்திலிருந்து போன். ஒரு பெண் பிள்ளை பேசினார். கதை எதைப் பற்றி என்று கடைசி வரை கேட்கவில்லை. 300 பிரதிக்கு 48,000 ரூபாய், புத்தகத்தை அடையாளம் காட்டுகிற ஐஎஸ்பிஎன் நம்பருக்குத் தனியாக 3,000, பாதி இப்போது போட்டுவிட்டால் உடனே வேலை ஆரம்பித்துவிடலாம் என்றார். மற்ற ஆறு இடத்திலிருந்தும் மூச்சுப் பேச்சு இல்லை.

கடிதத்தில் என்ன தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொரு ஒன்பது கடிதம் எழுதுவதற்கு எனக்குச் சோம்பல் இல்லை. அதே கடிதத்தை எழுதத்தான் யோசனையாக இருக்கிறது.

நைட் ஷிப்ட்:

அண்ணாச்சி, லெட்டர்லாம் இப்ப யாரு பிரிச்சுப் படிக்கிறாங்க? நிறையப் பதிப்பகம் அவங்க வெப்சைட்லயே போட்டிருக்காங்க, எந்தக் கம்ப்யூட்டர்லயும் தெரியுற யூனிகோட் எழுத்துல டைப் பண்ணி வேர்ட் ஃபைலா மெயில் பண்ணுங்கன்னு. பழைய பாமினி மாதிரி ஃபாண்ட்ல அனுப்பினா அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கலந்து தெரியும், அதைத் தொடவே மாட்டாங்க. டைப் அடிக்கத் தெரியலேன்னா போன்ல வாய்ஸ் டைப்பிங் போட்டு நோட்டைப் பாத்து வாசிங்க, அதுவே எழுதிக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்னா பங்குனிக்குள்ள முடிஞ்சிரும்.

தறிமேடை:

தம்பி, அதையும் பார்த்தாச்சு. 'பாவு ஓட்டினாள்' (பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) என்று வாசித்தால் 'பாவம் ஓட்டினாள்' என்று எழுதுகிறது. 'தார்' என்றால் 'கார்'. முதல் பக்கத்திலேயே என் நாயகி ஏழெட்டு கார் வைத்திருந்தாள். மகள் மே மாத லீவில் டைப் அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறாள். அதற்கு முன்னால் இதை யாராவது சீந்துவார்களா என்று தெரிந்துகொண்டால் பிள்ளையைக் கஷ்டப்படுத்தலாம். அதற்குத்தான் இந்தக் கடிதமெல்லாம்.

கேலி புரூஃப்:

தறிமேடை சார், உங்கள் கடிதத்தில் எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் அதைப் பிரித்துப் படிக்கிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யோசித்தீர்களா?

நான் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் 1988-லிருந்து 2016 வரை மெய்ப்புப் பார்த்தவள், அதாவது அச்சுப் பிழை திருத்தியவள். சனிக்கிழமை மத்தியானம் தபால் பிரிப்பதும் என் வேலைதான். நூலக ஆர்டர், மணியார்டர், காசு கட்டி வாங்காமல் திரும்பி வந்த விபிபி பார்சல், ராயல்டி வரவில்லை என்று திட்டிக் கடிதம், இதற்கு நடுவில் வாரத்துக்கு ரெண்டு மூன்று உங்கள் கடிதம் மாதிரியே வரும். கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான், 'அவா' உள்பட. அதற்கு நாங்கள் பதில் போட்டதில்லை. திமிரால் இல்லை. அனுப்புவதற்கு எங்களிடம் விதிமுறையும் இல்லை, படிவமும் இல்லை. முதலாளி பிரதியைப் படிப்பார், பிடித்தால் போடுவார், பிடித்தும் கையில் காசு இல்லையென்றால் அடுத்த வருஷம் என்பார். இதைக் காகிதத்தில் எழுதி விதிமுறை என்று எப்படி அனுப்புவது? அந்தக் கடிதங்கள் ஒரு கிளிப்பில் கிடக்கும். பேக்கிங் பண்ணுகிற பையன் மனசு கேட்காமல் சில பேருக்கு விலைப்பட்டியலைப் போட்டு அனுப்புவான். உங்களுக்கு வந்ததும் அப்படி ஒரு பையன் அனுப்பியதாகத்தான் இருக்கும்.

விதிமுறை என்று அச்சடித்துப் போட்டவை வாரப் பத்திரிகைகளும் மாதப் பத்திரிகைகளும்தான். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும், ஓரம் விடவும், தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை வைக்கவும், சொந்தக் கற்பனைதான், வேறெங்கும் அனுப்பவில்லை என்று உறுதிமொழி எழுதவும். அந்த ஒரு பக்க விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? நான் சேர்ந்த புதிதில் எங்கள் கீழ்த்தளத்தில் கையால் எழுத்துக் கோக்கிற அச்சகம் இருந்தது. ஒரு கதை வந்தால் தாள்களைப் பிரித்து மூன்று கம்பாசிட்டர்களிடம் கொடுப்பார்கள். ஆளுக்கு ரெண்டு தாள், எதிரே செருகிவைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் எழுத்துக் கோப்பார்கள். இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் முன்பக்கக்காரர் முடிக்கிறவரை பின்பக்கக்காரர் பீடி குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது, விதி மட்டும் இன்னும் நடமாடுகிறது. அதனால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு. நோட்டை மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் ஆபீஸ் அடையாற்றிலிருந்து ரெண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்து ஐந்தாம் நாள் கதவைத் திறந்தோம். பீரோவின் கீழ் ரெண்டு தட்டில், படிக்க வேண்டும் என்று எடுத்துவைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள். பால்பாயிண்ட்டில் எழுதியதை ஓரளவு பிரித்துக் காயவைக்க முடிந்தது. மைப்பேனாவில் எழுதியதெல்லாம் வெறும் நீலம். ஒரு கட்டைத் தூக்கினேன், பாதி கையோடு வந்தது, பாதி தட்டிலேயே பிசைந்த மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. விலாசம் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு நான்தான் கார்டு எழுதினேன், முப்பத்தேழு பேர். தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் பதில் போட்டார். 'நகல் இல்லை. பரவாயில்லை.' அவ்வளவுதான் கார்டில். அந்தப் பிரதியை நான் பதினாலு மாசமாகப் படிக்காமல் வைத்திருந்தேன். ஆகவே ஜெராக்ஸ். முதல் வேலை அது. கடிதம் அப்புறம்.

கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் இங்கே எங்களுக்கு எழுதியதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி, முப்பத்தோரு வருஷம் கணக்கு, தார் சுற்றுகிற அக்கா. இதில் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை. அங்கே இருப்பவர் யாரோ 'வளரும் எழுத்தாளன்'. 53 வயதில் என்ன வளர்ச்சி சார்? 'மேன்மைமிகு' என்று எழுதினால் எங்கள் முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிடும், இவர் நம் புத்தகம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று. ஒன்பது பேருக்கும் ஒரே கடிதம் என்பது மடிப்பைப் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். பெயர் எழுத இடம் விட்டு எழுதிய கடிதத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன்.

அனுப்ப வேண்டியது என்று என்னைக் கேட்டால்: ஒரு பக்கத்தில் கடிதம். கதை இன்னதென்று ஒரு பக்கம், முடிவையும் சேர்த்து. முடிவை மறைத்து 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது வேண்டாம், முடிவு தெரியாமல் யாரும் அச்சடிக்கக் காகிதம் வாங்க மாட்டார்கள். பிறகு முதல் அத்தியாயத்திலிருந்து பத்துப் பக்கம் ஜெராக்ஸ். நடுவில் நன்றாக வந்திருக்கும் அத்தியாயத்தை அனுப்பலாமே என்று தோன்றும். முதல் பத்துப் பக்கம் சரியில்லை என்று உங்களுக்கே தோன்றினால் அதைச் சரிபண்ணிவிட்டு அனுப்புங்கள்.

பக்கக் கணக்கு சொல்லாதீர்கள், சொல் கணக்கு சொல்லுங்கள். உங்கள் நீள நோட்டில் எவ்வளவு பொடியாக எழுதியிருக்கிறீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஐந்தாறு பக்கத்தை எடுத்து எண்ணிச் சராசரி போடுங்கள், கணக்குப்பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துக்கு 180 சொல் என்று வைத்தால் 74,000 வரும். நாவல்கள் வழக்கமாக அச்சாகிற டெமி அளவில் பக்கத்துக்கு ஏறக்குறைய 230 சொல் பிடிக்கும், ஆக 320 பக்கம். பதினாறு பக்கம் ஒரு பாரம், அப்படியென்றால் இருபது பாரம். பதிப்பாளர் மனசுக்குள் இந்தக் கணக்குத்தான் ஓடும், கதை அப்புறம்தான் ஓடும்.

இன்னொன்று, இது நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கற்றது. விதிமுறை கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்று சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். அதற்கான பதிலையும் நீங்களே எழுதி உள்ளே வையுங்கள். ஐம்பது காசு போஸ்ட் கார்டு ஒன்று வாங்கி, விலாசப் பக்கத்தில் உங்கள் விலாசத்தை எழுதி, மறுபக்கத்தில் மூன்று வரி: 'முழுப் பிரதியை அனுப்பலாம்', 'எங்களுக்குத் தேவைப்படவில்லை', '....... மாதத்துக்குப் பிறகு கேட்கவும்'. பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம். கார்டின் மூலையில் பதிப்பகத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்பது கார்டில் எது யார் அனுப்பியது என்று தெரியாது. காரைக்குடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இப்படி அனுப்பியிருந்தார். எங்கள் முதலாளி கல்யாணப் பத்திரிகைக்குக்கூட பதில் போடாத ஆள். அந்தக் கார்டை எடுத்து, கட்டத்தில் டிக் அடித்து, என்னமோ பரீட்சை எழுதியவர் மாதிரி சந்தோஷமாக என்னிடம் நீட்டினார்.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். கார்த்திகைக் கடைசியில் அனுப்பியிருக்கிறீர்கள். 1977-லிருந்து சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிறது, பொங்கலை ஒட்டி. ஐப்பசி பிறந்தாலே ஆபீசில் யாரும் யாரையும் மனிதராக மதிக்க மாட்டார்கள். அட்டை வரவில்லை, பைண்டிங்கில் பாரம் மாறிவிட்டது, ஸ்டாலுக்கு ஆள் இல்லை. அந்த ரெண்டு மூன்று மாசத் தபாலெல்லாம் ஒரு சாக்கில் போய்விடும், நிஜமாகவே சாக்கு. பங்குனியிலிருந்து ஆடிக்குள் அனுப்புங்கள். சாதாரணத் தபாலே போதும். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், கையெழுத்துக் கேட்டு வருகிற தபால் என்றால் வக்கீல் நோட்டீசோ என்று சில பேர் வாங்கவே தயங்குவார்கள். கவுண்டரில் எடைபோட்டு ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஸ்டாம்ப் குறைந்தால் வாங்குகிறவரிடம் கேட்பார்கள், அதோடு உங்கள் கதை முடிந்தது.

விலாசத்தை உங்கள் கல்யாணத்துக்கு வந்த புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள், போன வருஷம் வந்த புத்தகத்தில் பாருங்கள். எல்லாம் சென்னையில்தான் என்றும் இல்லை. காலச்சுவடு நாகர்கோவிலில், எதிர் வெளியீடு பொள்ளாச்சியில். நாவல் போடுகிறவர்கள் யார், சமையல் குறிப்பும் ஜோசியமும் போடுகிறவர்கள் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒன்பதில் எத்தனை பேர் நாவலே போடாதவர்களோ.

ஓரச் சீட்டு:

மேலே அக்கா சொன்னதில் பாதிக்கு எனக்கு மாற்றுக் கருத்து. நான் கார்டு வைத்தே ஏழு பேருக்கு அனுப்பினேன், ஒரு கார்டுகூடத் திரும்பவில்லை. எனக்குக் கதவு திறந்தது வேறு வழியில். ஒரு சிற்றிதழில் கதை வந்தது, அதைப் படித்துவிட்டுப் பதிப்பாளரே நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். நாவலில் தனியாக நிற்கிற அத்தியாயம் ஒன்றை எடுத்துச் சிறுகதையாக்கி முதலில் பத்திரிகைக்கு அனுப்பிப் பாருங்கள் தோழர். இப்போதெல்லாம் மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா நடக்கிறது, உங்கள் விருதுநகரிலும் நடக்கிறது. ஸ்டாலுக்குப் போய்ப் பேசுங்கள். நோட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பில் போடுகிற நேரத்தில் 412 பக்கத்தை நீட்டினால் யாருக்கும் முகம் சுருங்கும்.

பழைய குமாஸ்தா:

48,000 ரூபாய் போனைப் பற்றி யாரும் பேசவில்லையே. வக்கீல் ஆபீசில் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

காசு கொடுத்துப் புத்தகம் போடுவது குற்றம் இல்லை. நல்ல தாளில் நன்றாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள் என்றால் அது ஒரு அச்சுக்கூலி, அவ்வளவுதான். அதைப் 'பதிப்பு' என்று சொல்லி வாங்கும்போதுதான் கேள்வி கேட்கணும். 300 பிரதியில் என் கைக்கு எத்தனை, மிச்சம் எங்கே இருக்கும், விற்றால் யாருக்குக் காசு, இதை எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியிலேயே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

ஐஎஸ்பிஎன்னுக்கு 3,000 என்றாரே, அது சுத்த அநியாயம். இந்தியாவில் அந்த நம்பருக்குக் கட்டணமே கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள மத்திய அரசு அமைப்பு இலவசமாகத் தருகிறது. எழுதியவரே விண்ணப்பித்தும் வாங்கலாம்.

நாளைக்கு நல்ல பதிப்பகமே கிடைத்து ஒப்பந்தம் நீட்டினாலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 1957-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டம், 19-ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று போடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் கணக்கு. எந்த இடத்துக்கு என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கிக்கொண்டு ஒரு வருஷமாகப் புத்தகம் போடாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, உரிமை உங்களுக்கே திரும்பிவிடும். ஆனால் 'நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும், எல்லா வடிவங்களிலும்' என்று ஒரு வரியைச் செருகிவிட்டால் அந்த ஐந்து வருஷக் கணக்கும் இந்தியாவுக்குள் மட்டும் என்பதும் உதவாது. சினிமா உரிமையும் அந்த வரிக்குள்ளேதான் ஒளிந்திருக்கும்.

நாவலே இன்னும் டைப் ஆகவில்லை, இவன் சினிமாவுக்குப் போய்விட்டான் என்று சிரிக்காதீர்கள். அப்படிச் சிரித்தவர்களின் வழக்குக் கட்டுகளை நான் சுமந்து கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன்.

தறிமேடை:

எல்லாருக்கும் கோடி நன்றி. ஜெராக்ஸ் முடிந்தது. ரெண்டு செட், ஒன்று மச்சினன் வீட்டில், மாடியில். அக்கா சொன்ன தண்ணீர்க் கதையைக் கேட்ட பிறகு மாடி என்றால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

விலாசம் எடுத்த ஒன்பது புத்தகத்தையும் மறுபடி இறக்கிப் பார்த்தேன். ரெண்டு பேர் பக்திப் புத்தகம் மட்டும் போடுகிறவர்கள். ஒருத்தர் பள்ளிக்கூட நோட்ஸ். திரும்பி வந்ததே, அது 1994-ல் வந்த புத்தகத்தின் விலாசம். ஆக ஐந்து பேருக்குத்தான் உருப்படியாகக் கடிதம் போயிருக்கிறது. சொற்களையும் எண்ணினேன். முதல் நோட்டில் பக்கத்துக்கு 190, நாலாவதில் 160, வரவர கை பெருத்துவிட்டது. சராசரி போட்டு 71,000 என்று வைத்திருக்கிறேன்.

புதுக் கடிதம் இது. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்:

"ஐயா, வணக்கம். சத்திரப்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் 31 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். 'கட்டு துணி' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். சுமார் 71,000 சொற்கள். பேண்டேஜ் நெய்கிற ஒரு பெண்ணின் புருஷன் லாரியில் அடிபட்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவளுடைய தறியில் ஓரத்தில் ஒரு இழை விட்டுப்போகும், மேஸ்திரி எத்தனை முறை சரிசெய்தும் கேட்காது. புருஷன் காலில் சுற்றிய துணியில் அந்த இழை விட்டிருக்கிறதா என்று அவள் பார்க்கிறாள். அங்கிருந்து பதினொரு நாள்தான் கதை. நீங்கள் போன வருடம் வெளியிட்ட (இங்கே அந்தந்தப் பதிப்பகத்தின் புத்தகம்) படித்தேன், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். முதல் பத்துப் பக்கமும் கதைச் சுருக்கமும் வைத்திருக்கிறேன். முழுப் பிரதியை அனுப்பலாமா என்று உள்ளே இருக்கும் கார்டில் குறித்து அனுப்பினால் போதும். மே மாதத்துக்குப் பிறகு கணினியில் அடித்த பிரதியாகவே தர முடியும்."

போஸ்ட் ஆபீசில் கார்டு கேட்டதற்கு அந்தப் பிள்ளை ஒரு நிமிசம் என்னையே பார்த்தது. "எத்தனை?" என்றது. அஞ்சு என்றேன். "போட்டிக்கா சார்?" என்று கேட்டது. கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேலி புரூஃப்:

இந்த இழை விட்டுப்போன தறியை முதல் கடிதத்தில் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? என் மேஜைக்கு இது வந்திருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பேன்.

ரெண்டு விஷயம். அவர்கள் புத்தகத்தை 'படித்தேன்' என்று எழுதினால் நிஜமாகவே படித்திருக்க வேண்டும். பதிலுக்குப் போன் பண்ணி, எப்படி இருந்தது என்று கேட்கிற பதிப்பாளர்களும் உண்டு. அப்புறம், பதில் வராவிட்டால் மூன்று மாசம் கழித்து ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள். வாராவாரம் போன் பண்ணுகிறவர்களின் பெயரைக் கேட்டாலே எங்கள் ஆபீசில் எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, முதலிலேயே சொல்ல வந்தேன், சங்கடமாக இருந்தது. 'கட்டு துணி' இல்லை சார், 'கட்டுத்துணி'. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்கு, அதாவது 'கட்டு' மாதிரி வல்லின மெய்யை அடுத்து உகரம் வந்து முடிகிற சொல்லுக்குப் பின்னால் வல்லினம் மிகும். உள்ளே எங்கே ஒற்று விட்டாலும் என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்து போட்டுவிடுவாள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் இது நாவலின் பெயர். கவரைப் பிரித்ததும் கண்ணில் படுவது அதுதான்.

தறிமேடை:

அக்கா, போட்டாச்சு. இழை விட்ட தறியைப் பற்றி எழுதிவிட்டு நானே ஒரு ஒற்றை விட்டிருக்கிறேன் பாருங்கள்.

கடிதத்தில் மட்டும் திருத்தினால் போதாது என்று நோட்டுகளையும் இறக்கிவிட்டோம். மகள் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் நோட்டில் 61 இடம். ரெண்டாவதில் இதுவரை 38, அழுத இடம் வந்ததும் நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது நோட்டு தார் சுற்றுகிற அக்காவிடம் இருக்கிறது. நேற்று போய்க் கேட்டேன், ஒரு எழுத்துப் போடணும், ராத்திரியே திருப்பித் தந்துவிடுகிறேன் என்று. முடிக்காமல் தர மாட்டாளாம்.